கழுகுக் குஞ்சா, கழுகுப் பிள்ளையா?

27 பிப்ரவரி 2025 (கேள்வி)

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் பயிற்சித்தாளில் 'கழுகுக் குட்டி' என்று எழுதிவிட்டாள். ஆசிரியை அதை அடித்து 'குஞ்சு' என்று திருத்தியிருக்கிறார். என் மாமனாரோ இரண்டுமே தப்பு, 'பார்ப்பு' என்பதுதான் சரி என்கிறார். ஆங்கிலத்தில் ஈக்லெட் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். தமிழில் கழுகின் இளசுக்குத் தனிச்சொல் கிடையாதா?"

27 பிப்ரவரி, இரவு

குஞ்சு சரி. குட்டி தப்பு. ஆசிரியை திருத்தியது நியாயம்தான்.

தனிச்சொல் இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். ஈக்லெட் என்பதும் கழுகுக்கான சொல்லில் 'சின்னது' என்று பொருள்படும் வாலை ஒட்டிச் செய்ததுதான். பிரெஞ்சு வழியாக வந்தது. நாம் கழுகு, குஞ்சு என்று இரண்டாக எழுதுகிறோம், அவர்கள் ஒன்றாக எழுதுகிறார்கள். அவ்வளவே வித்தியாசம்.

1 மார்ச்

முந்தாநாள் அவசரப்பட்டுவிட்டேன். மாமனார் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

தொல்காப்பிய மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. இந்த ஒன்பதில் குஞ்சு இல்லை. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துவிட்டேன், இல்லை. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்ற இரண்டைத்தான் தொல்காப்பியர் கொடுக்கிறார். தவழ்பவைக்கும் அதே இரண்டு. ஐங்குறுநூற்றில் தாயின் முகத்தைப் பார்த்தே வளரும் ஆமையின் இளசு பார்ப்பு என்று வருவது அதனால்தான்.

ஆக, பழைய கணக்குப்படி கழுகுப் பார்ப்பு, கழுகுப் பிள்ளை இரண்டும் சரி. இன்றைய வழக்கில் குஞ்சு சரி. மாமனாரும் ஆசிரியையும் ஆளுக்கொரு காலத்தில் நின்றுகொண்டு சரியாகவே பேசுகிறார்கள்.

பார்ப்பு பேச்சிலிருந்து போயே போய்விட்டது. பிள்ளை மட்டும் கிளிப்பிள்ளை, அணில்பிள்ளை, கீரிப்பிள்ளை என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அங்கேயும் அது இளமையைக் குறிப்பதில்லை. கிழட்டுக் கிளியும் கிளிப்பிள்ளைதான். சொல் உறைந்துவிட்டது.

(இன்னொன்று. அணிலுக்கு மரபியல் கொடுப்பது குட்டி. மூங்காவுக்கும் குட்டிதான். மூங்கா என்பது கீரி. ஊரோ இரண்டையும் பிள்ளை என்றே கூப்பிடுகிறது. இலக்கணம் ஒரு பக்கம், ஊர் வாய் ஒரு பக்கம்.)

5 மார்ச்

இந்தக் கேள்வியை நான் இவ்வளவு பிடித்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. இப்போது எங்கள் வீட்டில் தினமும் கழுகுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கலிஃபோர்னியாவில் பிக் பேர் ஏரிக்குப் பக்கத்தில், சான் பெர்னார்டினோ தேசிய வனத்தில், ஜெஃப்ரி பைன் மரம் ஒன்றில் 145 அடி உயரத்தில் வெண்தலைக் கழுகு ஜோடி ஒன்றின் கூடு இருக்கிறது. பெட்டை ஜாக்கி, ஆண் ஷேடோ. கூட்டுக்கு மேலே கேமரா வைத்து நாள் முழுக்க நேரலையில் காட்டுகிறார்கள். 2022இல் ஸ்பிரிட் என்றொரு குஞ்சு பிழைத்துப் பறந்துபோனது. 2023இல் இட்ட முட்டைகள் பொரியவில்லை. 2024இல் மூன்று முட்டை, அதுவும் பொரியவில்லை. வாரக்கணக்கில் பனியில் அசையாமல் அடைகாத்தது ஜாக்கி. பொரியாது என்று தெரிந்த பிறகும் அது எழுந்துபோகாமல் இருந்த நாட்களில் எனக்குப் பார்க்கவே முடியவில்லை.

அப்பத்தா ஒரே சொல்லில் சொல்லிவிட்டாள்: "கூமுட்டைப்பா. அதுக்கு எப்படித் தெரியும்?"

இந்த ஆண்டு ஜனவரியில் மறுபடி மூன்று முட்டை. மார்ச் 3 ஒன்று, 4 ஒன்று என இரண்டு பொரிந்துவிட்டன. மூன்றாவது பாக்கி.

முதல் குஞ்சைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். சாம்பல் வெள்ளையில் ஈரப் பஞ்சு. தலை கழுத்தில் நிற்கவில்லை, தூங்கி வழியும் ஆளின் தலைபோல ஆடி ஆடி விழுகிறது. ஜாக்கி மீனிலிருந்து நகத்துண்டு அளவுக்கு ஒரு நார் கிழித்து, அந்தப் பெரிய மஞ்சள் அலகைப் பக்கவாட்டில் சாய்த்து நீட்டுகிறது. குஞ்சு குறி தவறித் தாயின் அலகையே கொத்துகிறது. அடுத்த தடவை தன் கூடப்பிறந்ததின் தலையை. ஜாக்கி அதே நாரை, அதே சாய்வில், மறுபடி மறுபடி நீட்டுகிறது. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ வாய்க்குள் போனது. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டோம்.

8 மார்ச்

மூன்றாவதும் பொரிந்தது.

15 மார்ச்

இரண்டு நாளாகக் கடும் பனிப்புயல். ஜாக்கியும் ஷேடோவும் மேலே பனி மூடிக்கிடக்க, குஞ்சுகளை அணைத்தபடி கூட்டில் இருந்தார்கள். நேற்று சாயங்காலம் (அங்கே காலை) பார்த்தால் இரண்டு தலைதான் எழுந்தது.

சொல்லாராய்ச்சி இன்றைக்கு வேண்டாம்.

22 மார்ச்

மார்ச் 1இல் எழுதியதைத் திருத்துகிறேன். 'பிள்ளை' உறைந்துவிட்டது, இனி இளமையைக் குறிப்பதில்லை என்று எழுதியிருந்தேன். தப்பு.

அங்கே விடியும் நேரம் இங்கே சாயங்காலம் ஆறரை, ஏழு மணி. அப்பத்தா சீரியலை விட்டுவிட்டு இப்போது இதைத்தான் பார்க்கிறாள். முதலில் அவளுக்கு இந்தக் கூட்டத்தையே பிடிக்காது. "கோழிக்குஞ்சு தூக்குற பெராந்தைப் போய் உக்காந்து பார்க்குறீகளே" என்று திட்டினாள். பஞ்சாரத்தைத் திறந்துவிட்டுவிட்டு வானத்தைப் பார்த்தபடி நின்றே பாதி ஆயுசைக் கழித்தவள். அவளுக்குப் பருந்து, கழுகு எல்லாம் ஒரே சாதி, ஒரே பகை.

நேற்று ஷேடோ மீனோடு வரத் தாமதம். அப்பத்தா சொன்னது இது: "ரெண்டு பிள்ளையும் வாயைத் திறந்துக்கிட்டே இருக்கு, இவன் எங்க போனான்?"

குஞ்சு என்று சொல்லவில்லை, பிள்ளை என்றாள். அதுவும் அரைத் தூக்கத்தில், யோசிக்காமல். தொல்காப்பியம் என்றொரு நூல் இருப்பது அப்பத்தாவுக்குத் தெரியாது. பறப்பவற்றின் இளமைக்குத் தொல்காப்பியர் சொன்ன இரண்டில் ஒன்று சிவகங்கைச் சீமையில் ஒரு கிழவியின் வாயில் உயிரோடு இருக்கிறது.

நண்பர் ஒருவர், இது மனிதப் பிள்ளையாக நினைத்துச் சொன்ன பாசப் பேச்சு, பழைய இளமைப்பெயர் அல்ல என்று மறுக்கிறார். இருக்கலாம். ஆனால் இந்த இரண்டையும் பிரித்து வைக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்கிறோம். வீட்டுச் சிறுசுகளைக் 'குஞ்சு குளுவான்' என்கிறோம். இந்தச் சொற்கள் மனிதனுக்கும் பறவைக்கும் மரத்துக்கும் நடுவே எப்போதும் போய்வந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன.

6 ஏப்ரல்

பெயர் வைத்துவிட்டார்கள். சன்னி, கிஸ்மோ. அந்தப் பள்ளத்தாக்கின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவை. இறந்த குஞ்சுக்கு மிஸ்டி என்று பெயர்.

12 ஏப்ரல்

விவிலியத்தில் பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்டார். பார்த்தேன், இரண்டு நாள் அதிலேயே போய்விட்டது.

தமிழ் விவிலியத்தில் கழுகின் இளசு வரும் முக்கியமான மூன்று இடங்கள்: உபாகமம் 32:11, யோபு 39:30, நீதிமொழிகள் 30:17. மூன்றிலும் தமிழில் குஞ்சுதான். எபிரேய மூலத்தில் மூன்றிடத்திலும் மூன்று சொற்கள். உபாகமத்தில் கோஸால். ஆதியாகமம் 15:9இல் புறாக்குஞ்சுக்கு வருவதும் இதே சொல்தான். யோபில் எஃப்ரோவாக், முட்டையிலிருந்து வந்த பறவைக்குஞ்சு. தாய் தகப்பனை மதியாதவனின் கண்ணைக் கழுகின் குஞ்சுகள் தின்னும் என்று வரும் நீதிமொழியில் மட்டும் 'பெனே நெஷெர்', அதாவது நெஷெரின் (கழுகின்) பிள்ளைகள்.

அப்பத்தாவின் சொல்! அந்த ஓரிடத்தில் கழுகுப் பிள்ளைகள் என்று போட்டிருந்தால் சொல்லுக்குச் சொல் பொருந்தியிருக்கும். குறை சொல்லவில்லை, குஞ்சு என்பதும் தெளிவாகவே இருக்கிறது.

அப்புறம் அந்த நெஷெர். ஆங்கிலத்தில் ஈகிள் என்று போட்டார்கள். ஆனால் மீகா 1:16 'கழுகைப்போல முழுமொட்டையாக இரு' என்கிறது. வேட்டைக் கழுகுக்குத் தலை மொட்டை கிடையாது. பிணந்தின்னிக் கழுகுக்குத்தான் அந்தத் தலை. நெஷெர் பல இடங்களில் பிணந்தின்னியே என்று அறிஞர்கள் சொல்வது இதை வைத்துத்தான். இங்கே தமிழ்ச்சொல் ஆங்கிலத்தைவிட நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் நம் கழுகும் அப்படிப்பட்ட சொல்தான். திருக்கழுக்குன்றம் என்ற பெயரே அதற்குச் சாட்சி. உச்சிவேளையில் மலைமேல் வந்து சோறு தின்றுபோன இரண்டு பறவைகளும் மஞ்சள்முகப் பாறுகள், பிணந்தின்னி இனம். 1990களின் இறுதியோடு அவற்றின் வரவு நின்றுபோனது.

அப்படியானால் நம் வாசகரின் மகளுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. குஞ்சா, பார்ப்பா என்பதற்கு முன்னால், எந்தக் கழுகு?

13 ஏப்ரல்

நேற்றைய குறிப்புக்குக் கடுமையான மறுப்பு வந்தது. கழுகு என்றால் வேட்டைப்பறவை, பிணந்தின்னிக்குப் பாறு என்ற சொல் இருக்கிறது, குழப்பாதீர்கள் என்று. பாறு நல்ல சொல், அதை மீட்டெடுத்துப் புழங்குபவர்களோடு நான் முழுக்க உடன்படுகிறேன். ஆனால் ஊர் வாயில் இரண்டுமே கழுகுதான், அதை மறைக்க முடியாது.

பாறு விஷயத்தில் குஞ்சு என்பது வெறும் சொல் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். வெண்முதுகுப் பாறு ஒரு பருவத்துக்கு ஒரே முட்டைதான் இடும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கி ஊசி, செத்த மாட்டின் உடம்பு வழியாகப் போய்ப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். இன்று நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் அந்தப் பாறுகளில் ஒரு ஜோடியின் ஒரு குஞ்சு தவறினால், அந்த ஜோடிக்கு அந்த ஆண்டே போனது. குஞ்சோ பார்ப்போ பிள்ளையோ, ஒன்றே ஒன்றுதான்.

19 ஏப்ரல்

ஒரு சின்னத் தகவல். அரபியில் கழுகின் இளசுக்குத் தனிச்சொல்லே உண்டு: ஹைதம். ஆண்பிள்ளைக்கு வைக்கும் பெயரும் அதுவே. ஒளியியலில் பெரும்பேர் பெற்ற இப்னு அல்-ஹைதமின் பெயரில் இருப்பது இந்தச் சொல்தான்.

ஆங்கிலத்தில் வல்லூறு பழக்குபவர்கள் கூட்டிலிருந்து எடுத்த குஞ்சை ஐயஸ் என்பார்கள். பிரெஞ்சில் நியே என்று 'ந' ஒலியில் தொடங்கிய சொல். ஆங்கிலத்தில் முன்னால் வந்த 'அ' (a) என்ற சின்னச் சொல்லோடு ஒட்டிப் பேசிப் பேசி, அந்த 'ந' ஒலி அதோடு போய்விட்டது. மூலத்தில் அதற்கு 'கூட்டைச் சேர்ந்தது' என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

2 மே

வாட்ஸாப்பில் சுற்றும் கழுகுக் கதைகளை இங்கே கொண்டுவந்து போடுபவர்களுக்கு: தாய்க் கழுகு கூட்டைப் பிய்த்து முள்ளைக் காட்டிக் குஞ்சை உச்சியிலிருந்து தள்ளிவிடும், விழும்போது முதுகில் தாங்கும் என்ற கதையை நான் நம்புவதாக இல்லை. இரண்டு மாதமாகத் தினமும் பார்க்கிறேன். ஜாக்கி கூட்டைப் பிய்க்கவில்லை. நேர்மாறாக, ஷேடோ தன்னைவிட நீளமான குச்சியைத் தூக்கிக்கொண்டுவந்து விளிம்பைச் சுற்றி வேலிபோல அடுக்கிக்கொண்டே இருக்கிறது. குச்சி குஞ்சின் தலையில் இடிக்கிறது, ஜாக்கி அதை இழுத்து வேறு பக்கம் வைக்கிறது, ஷேடோ மறுபடி நகர்த்துகிறது. வீடு கட்டும் புருஷன் பெண்டாட்டி எப்படி இருப்பார்களோ அப்படியே.

நாற்பது வயதில் கழுகு தன் அலகை உடைத்துக்கொண்டு மறுபிறவி எடுக்கும் என்ற கதையும் அப்படித்தான். அலகில்லாத கழுகு பட்டினியில் சாகும். குழந்தைகளுக்கு இதைத் தன்னம்பிக்கைப் பாடமாகச் சொல்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. உள்ளதைச் சொன்னாலே போதுமே, அது இதைவிட நன்றாக இருக்கிறது.

17 மே

இன்றைக்கு ஒரு சொல் கிடைத்தது.

இரண்டும் இப்போது தாய் அளவுக்கு வந்துவிட்டன. பஞ்சு போய்க் கரும்பழுப்பு இறகு மூடிவிட்டது. கூட்டின் நடுவில் நின்று இறக்கையை விரித்து அடிக்கின்றன, கால் ஒரு சாண் எழும்புகிறது, தாமே பயந்து உட்கார்ந்துகொள்கின்றன. இதைக் குஞ்சு என்று எழுதக் கை வரவில்லை. கழுகு என்றும் எழுத முடியவில்லை. ஆங்கிலத்தில் இதற்குப் படிப்படியாகச் சொல் வைத்திருக்கிறார்கள்: பொரிந்த புதிது ஒன்று, கூட்டில் வளர்வது ஒன்று, பறக்கத் தொடங்கியது ஒன்று, அதற்குப் பிறகு ஒன்று. நம்மிடம் இல்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பத்தா கேட்டுக்கொண்டிருந்தவள், "இது வெடையாயிருச்சுப்பா, இன்னும் என்ன குஞ்சு?" என்றாள்.

வெடக்கோழி! குஞ்சும் இல்லாமல், முட்டையிடும் பெட்டையும் இல்லாமல் நடுவில் நிற்கும் கோழி. விடைக்கோழி என்று எழுத்தில் வரும். கோழியை நாம் வளர்த்தோம், அதனால் அதன் ஒவ்வொரு பருவத்துக்கும் சொல் வைத்தோம்: கூமுட்டை, குஞ்சு, வெடை, பெட்டை, சேவல், அடைக்கோழி. கழுகை யார் பக்கத்திலிருந்து பார்த்தார்கள்? தூரத்தில் இருந்து பார்த்ததால் குஞ்சு, கழுகு என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். சொல் பஞ்சம் மொழியில் இல்லை. நாம் இப்போதுதான் கூட்டுக்குள் எட்டிப் பார்க்கிறோம்.

கட்டுரையில் எழுதும்போது 'இளங்கழுகு' போதும், யாருக்கும் புரியும். ஆனால் எங்கள் வீட்டில் இனி வெடைதான்.

3 ஜூன்

சன்னி பறந்துவிட்டது. ஜூன் 2, அங்கே பகல், நமக்கு இரவு. அப்பத்தாவை எழுப்பவா வேண்டாமா என்று யோசித்து, எழுப்பினேன். திரும்பப் போட்டுக் காட்டினேன். பொரிந்து மூன்று மாதம். கிளை நுனிவரை போய் நின்றது. யாரும் தள்ளவில்லை.

8 ஜூன்

கிஸ்மோவும் போனது, 7ஆம் தேதி.

கேள்வி கேட்ட வாசகர் கேட்கிறார், பறந்துவிட்டதால் இனி கழுகு என்று சொல்லலாமா என்று. இல்லை. இன்னும் சில வாரத்துக்குத் தாயும் தகப்பனும்தான் இரை கொடுப்பார்கள். வெள்ளைத் தலையும் வெள்ளை வாலும் வர ஐந்து வயது வரை ஆகலாம். தொடக்கத்தில் அலகு கறுப்பு, கண் பழுப்பு, உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகப் பழுப்பு. தெரியாதவர் இது வேறு ஏதோ பறவை என்றே நினைப்பார். இளமைக்குத் தனியாக ஒரு சொல் ஏன் வேண்டும் என்றால் இதற்காகத்தான். சொல் இருந்தால் கண் பார்க்கும்.

நம் ஊரிலேயே இது நடக்கிறது. செம்பருந்தை, அதாவது கருடனை, வெள்ளை மார்பும் செம்பழுப்பு முதுகும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அதன் இளசு முழுக்கப் பழுப்பு. அதைப் பார்த்தால் கள்ளப்பருந்து என்று கல்லெடுக்கிறோம். வாலைப் பாருங்கள்: கள்ளப்பருந்துக்கு வால் நுனி பிளந்திருக்கும், செம்பருந்துக்கு இளசிலும் வட்டம்.

பயிற்சித்தாளைப் பற்றி என் கடைசிக் கருத்து: குஞ்சு என்று எழுதினால் முழு மதிப்பெண். பார்ப்பு, பிள்ளை என்று எழுதினாலும் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். குட்டி என்று எழுதிய பெண்ணைத் திட்ட வேண்டாம். சின்னதாகப் பார்த்த எதையும் அந்த வயதில் குட்டி என்றுதான் சொல்லத் தோன்றும்.

20 ஜூலை

பின்குறிப்பு ஒன்று மட்டும்.

இன்று காலை கண்மாய்க்கரைப் புளியமரத்தில் காக்கைகள் ஒரு பழுப்புப் பறவையைச் சுற்றிக் கூச்சல் போட்டன. பக்கத்து வீட்டுப் பையன் அப்பத்தாவின் கோழிகளுக்காகக் கல்லை எடுத்துக்கொண்டு ஓடினான். அப்பத்தா பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் கோழிக்குஞ்சுகளை உள்ளே தள்ளிவிட்டு, நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தாள். பறவை எழும்பித் திரும்பியபோது வால் விரிந்தது, வட்டமாக.

"எறியாதடா. கருடன் வெடை அது."